அம்பாசிடரும் வி-கிராஸும்: எது பழைய வண்டி?

அம்பாசிடர் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் சற்று நேரத்தில் ஒரு வாக்கியம் வந்துவிடும்: "அந்தக் காலத்து இரும்பு. இடித்தாலும் அசையாது." பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வாங்கியவரிடமும் ஒன்று தயாராக இருக்கும்: "இது இன்றைய தொழில்நுட்பம். பழைய வண்டியோடு ஒப்பிடலாமா?" இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள பானட்டைத் திறந்தால் போதாது, வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் எஞ்சினைப் பிறகு பார்ப்போம். முதலில் எலும்புக்கூடு.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவத்தை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை தயாரித்தது. இன்னொன்று இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016 முதல் இந்தியாவில் விற்கப்படும் இந்த டீசல் பிக்கப், தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது.

இந்த ஜோடியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 1990களில் அம்பாசிடருக்குப் புது உயிர் கொடுத்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இசுஸுவுடையது. ஸ்ரீசிட்டி ஆலை தயாராகும் முன்பு இசுஸு தன் வண்டிகளைக் கோத்துத் தயாரித்தது, திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில். ஆக, இரண்டும் ஒருவகையில் சம்பந்திகள்.

ஏணியும் பெட்டியும்

ஒரு வாகனத்தின் எல்லாப் பாரத்தையும் ஏதோ ஒன்று தாங்க வேண்டும். எஞ்சின், ஆட்கள், சரக்கு எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன. பள்ளத்தில் சக்கரம் விழும்போது கீழிருந்து உதை வருகிறது. வளைவில் திரும்பும்போது வண்டியே முறுக்கப்படுகிறது. இந்த மூன்றையும் தாங்கும் அமைப்பை இரண்டு விதமாகச் செய்யலாம்.

முதல் விதம் ஏணிச் சட்டம். வண்டியின் நீளத்துக்கு இரண்டு கனத்த எஃகு உத்தரங்கள், அவற்றை இணைக்கக் குறுக்கே சில சட்டங்கள். மேலிருந்து பார்த்தால் ஏணியேதான். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் இந்த ஏணியில் பூட்டப்படும். அதன் மேல், நடுவில் ரப்பர் வைத்து, கேபினைத் தூக்கி வைத்து போல்ட் போடுவார்கள். கேபினைக் கழற்றிவிட்டாலும் மிச்சம் இருப்பது ஓடும். நம் லாரிகள் எல்லாமே இப்படித்தான். பாடி கட்டாத வெறும் சேஸைத் தலையில் துணி கட்டிய ஓட்டுநர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது விதத்தில் தனியாகச் சட்டம் என்று ஒன்று இல்லை. தரைத் தகடு, கதவுத் தூண்கள், கூரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்து ஒரே கூடாக ஆக்கிவிடுவார்கள். பாடியே சேஸ். இதற்கு மோனோகாக் என்று பெயர். ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்து இதைப் புரிந்துகொள்ளலாம். மூடிகள் திறந்திருக்கும்போது அதை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம், முறுக்கலாம். மேலும் கீழும் ஒட்டி மூடிவிட்டால் அதே அட்டை, அதே கனம், ஆனால் முறுக்கக் கை வலிக்கும். பலம் அட்டையின் தடிமனிலிருந்து வரவில்லை, மூடிய வடிவத்திலிருந்து வருகிறது. இரும்பைக் குறைத்துக்கொண்டே பலத்தைக் கூட்டும் வழி இது.

இப்போது இந்த இரண்டு வண்டிகளுக்கும் அடியில் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கும். "பழைய இரும்பு" அம்பாசிடரில் ஏணிச் சட்டம் இல்லை, அது ஒரே கூடாகச் செய்யப்பட்ட வண்டி. "புதிய தொழில்நுட்பம்" வி-கிராஸ்தான் ஏணியில் உட்கார்ந்திருக்கிறது.

வரலாற்றில் எது மூத்தது என்பதில் சந்தேகமே இல்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி ஏணிச் சட்டத்தின் மேல் நின்ற கார்தான். 1925இல் அந்தக் காரின் பின்னால் ஒரு தொட்டியைப் பூட்டி ஆலையிலிருந்தே பிக்கப்பாக ஃபோர்டு விற்றது. கூடு வகை கார்கள் மாடல் டி-க்குப் பின் மெல்ல வந்தன. இத்தாலியின் லான்சியா லாம்ப்டா 1922இல் வழியைக் காட்டியது, 1934இல் பிரான்சின் சித்ரோயன் அதைப் பெருமளவில் தயாரிக்க முடியும் என்று நிரூபித்தது. அம்பாசிடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 1954இல் வந்தபோது அதன் கூடு அன்றைக்கு நவீனமானது. அம்பாசிடரின் எலும்பு அதுதான்.

அப்படியானால் பிக்கப் ஏன் இன்னும் ஏணியை விடவில்லை?

சோம்பலால் இல்லை, காரணம் இருக்கிறது. கூடு முழுமையாக மூடியிருந்தால்தான் அதற்குப் பலம். பிக்கப்பின் பின்பாதியோ மேலே திறந்த தொட்டி. கூரை இல்லை, பின்தூண்கள் இல்லை. அந்தத் தொட்டியில் மூட்டைகளை ஏற்றிக் கரடுமுரடான பாதையில் ஓட்டினால், திறந்த பெட்டியைப்போல் அது முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைத் தாங்க அடியில் தனியாக ஒரு சட்டம் இருந்துவிட்டால் தொட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வி-கிராஸின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கேபின் முடியும் இடத்துக்கும் தொட்டி தொடங்கும் இடத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. இரண்டும் ஒட்டியிருக்கவே இல்லை, தனித்தனியாக ஏணியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பின்சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்காது. தொட்டி ஒரு பக்கம், கேபின் ஒரு பக்கம் என்று லேசாகச் சாய்ந்திருக்கும். வண்டி கோணலாகிவிட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவதுண்டு. சட்டம் முறுக்கத்தை வாங்கிக்கொண்டு கேபினைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

தயாரிப்பாளருக்கும் இதில் லாபம் உண்டு. ஒரே ஏணியின் மேல் இரண்டு கதவுக் கேபின், நான்கு கதவுக் கேபின், மூடிய எஸ்.யூ.வி. என எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இசுஸுவின் எம்.யூ-எக்ஸ் இப்படி டி-மேக்ஸோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் வண்டி.

ஏணிக்கு விலை எடை. அம்பாசிடர் ஏறத்தாழ 1.1 டன், வி-கிராஸ் ஏறத்தாழ இரண்டு டன். அளவும் கூடியிருக்கிறது: அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், பிக்கப்பின் நீளம் சுமார் 5.3 மீட்டர். அந்த ஒரு மீட்டரின் அருமை நம் தெருக்களில் வண்டியைத் திருப்பும்போதுதான் தெரியும்.

சாலையின் உதையை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷனில் ஓர் ஆச்சரியம். இரண்டு வண்டிகளின் பின்சக்கரங்களையும் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள்தான், குதிரை வண்டிக் காலத்திலிருந்து லாரி வரை வந்துகொண்டிருக்கும் அதே ஏற்பாடு. ஆனால் பட்டைகளின் மனநிலை வேறு. அம்பாசிடரின் பட்டை ஆட்களை எதிர்பார்த்து வளைக்கப்பட்டது. பின்சீட்டில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்தால் வண்டி இன்னும் சுகமாகப் போகும். பிக்கப்பின் பட்டை சரக்கை எதிர்பார்த்து நிற்கிறது. காலித் தொட்டியோடு போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் குதிக்கும், ஈரச் சாலையில் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். ஒரு சோதனை ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு "பிக்கப் தூக்கிப் போடுகிறது" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள், பசியோடு இருப்பவனைப் பாடச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

"இடித்தாலும் அசையாது"

இனி அந்த இரும்புப் பேச்சுக்கு வருவோம். பழைய காரைத் தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருப்பது உண்மை. சின்ன உரசலில் பம்பர் தப்பிப்பதும் உண்மை. வேகமான மோதலில் அந்தக் கெட்டித்தனமே எதிரியாகிறது.

காரணம் எளிய இயற்பியல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் கார் என்றால், அதற்குள் இருப்பவரும் அதே வேகத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். அந்த நிறுத்தம் எத்தனை தூரத்தில் நடக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. முன்பக்கம் அசையாமல் 20 சென்டிமீட்டரில் நின்றால், உடலின் மேல் விழும் விசை சராசரியாக அவருடைய எடையைப்போல் 70 மடங்கு. முன்பக்கம் நன்றாக நசுங்கி 60 சென்டிமீட்டரில் நின்றால் அது சுமார் 24 மடங்காகக் குறைகிறது. முதலாவதில் பிழைப்பது அபூர்வம். இரண்டாவதில் பெல்ட் போட்டிருந்தால் நம்பிக்கை உண்டு.

அதனால் இன்றைய வண்டியை வடிவமைப்பவர்கள் முன்பக்கம் திட்டமிட்டு மடங்கும்படியும், ஆட்கள் உட்காரும் கூண்டு மடங்காதபடியும் செய்கிறார்கள். இந்த எண்ணத்துக்கு மெர்சிடஸ் பொறியாளர் பெலா பரேனி 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கினார். அது காராக வந்தது 1959இல். மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் கொண்டுவந்ததும் அதே 1959இல்தான். அம்பாசிடரின் கூடு இவை இரண்டுக்கும் முன்பே வரையப்பட்டு முடிந்துவிட்டது. தொடக்க கால வண்டிகளில் சீட் பெல்ட்டே கிடையாது. காற்றுப்பை கடைசி வரை வரவில்லை.

2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் இதைக் கண்முன் காட்டியது. 1959 செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவ்ரோலே மாலிபு ஒன்றையும் தலா 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், ஓட்டுநர் பக்கம் மட்டும் படும்படி மோதவிட்டார்கள். பெல் ஏர் தனிச் சட்டத்தின் மேல் நின்ற, பார்க்கவே மிரட்டும் கார். மோதியதும் அதன் ஓட்டுநர் கூண்டு நொறுங்கி ஸ்டீயரிங் மேலேறி வந்தது. பொம்மை ஓட்டுநர் மனிதனாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் காயம் ஏற்படும் அளவுக்கே சேதம். ஐம்பது ஆண்டு வித்தியாசம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த வீடியோவைக் காட்டினால் போதும், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பிக்கப்பின் ஏணி மடங்காதே, அதுவும் ஆபத்துதானே என்று கேட்கலாம். பழைய ஏணிகளுக்கு அந்தக் குறை இருந்தது. இப்போதைய ஏணிகளின் முன்நுனியை, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட விதமாக மடங்கும்படி பள்ளமிட்டும் வடிவம் மாற்றியும் செய்கிறார்கள். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு டன் பிக்கப்பும் ஒரு சின்னக் காரும் மோதினால் கணக்கு எப்போதும் கனத்த வண்டிக்கே சாதகம். பிக்கப்பின் பாதுகாப்பில் ஒரு பங்கு எதிரே வருபவரின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. உயரமான பானட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அம்பாசிடரில் இந்தச் சிக்கல் குறைவு.

பிரேக்கிலும் பெரிய மாற்றம். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். மலையிறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, மிதி இருந்தும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் ஊட்டியிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வருவார்கள். வி-கிராஸில் முன்னால் டிஸ்க், பின்னால் இன்னும் டிரம்தான். பிடிப்பு போகும் சக்கரத்தைத் தானே கண்டுபிடித்துத் தனியாகப் பிரேக் போடும் மின்னணு ஏற்பாடு சேர்ந்திருப்பதுதான் உண்மையான முன்னேற்றம்.

மூன்று மடங்கு பலம், ஆனால்

எஞ்சினுக்கு வருவோம். நெடுங்காலம் அம்பாசிடரை இழுத்தது 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். திறன் சுமார் 50 குதிரைகள், முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். வி-கிராஸின் 1,898 சி.சி. டீசல் எஞ்சின் 163 குதிரைகளையும் 360 நியூட்டன் மீட்டரையும் தருகிறது.

இந்த இரண்டு எண்களும் புதியவர்களைக் குழப்பும். முறுக்கு விசை என்பது எஞ்சின் தண்டு எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது. திறன் என்பது அந்தத் திருகலை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. முழுச் சுமையோடு நின்ற இடத்திலிருந்து மேட்டில் கிளம்ப முதலாவது வேண்டும். நெடுஞ்சாலையில் பஸ்ஸை முந்த இரண்டாவது வேண்டும். வி-கிராஸ் தன் முழு முறுக்கு விசையையும் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. சரக்கு வண்டிக்கு அதுதான் அழகு.

கொள்ளளவில் 400 சி.சி.தான் கூடுதல், திறனோ மூன்று மடங்குக்கு மேல். எப்படி? அம்பாசிடரின் எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றோடு நின்றுவிடும். வி-கிராஸில் இருக்கும் டர்போ அப்படி இல்லை. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அறைக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிறது. அதிகக் காற்று இருந்தால் அதிக டீசலை எரிக்கலாம். அந்த டீசலை, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில், புகைமூட்டம்போல் நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சுகிறார்கள்.

ஆனால் இங்கே எடையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறனை எடையால் வகுத்தால் அம்பாசிடருக்கு டன்னுக்கு சுமார் 45 குதிரைகள், பிக்கப்புக்கு சுமார் 80. மூன்று மடங்கு இப்போது இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. விளம்பரத்தில் எழுதும் எண்ணுக்கும் காலுக்குக் கீழே உணரும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி இதுதான். எந்த இரண்டு வண்டிகளை ஒப்பிட்டாலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டுப் பேசுவது நல்லது.

வைத்திருப்பது என்றால்

அம்பாசிடரின் எஞ்சினில் கோளாறு கண்ணுக்குத் தெரியும். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றினால், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் இருக்கும். அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அது கூடினாலும் குறைந்தாலும் வண்டி இடறும். முனை கருகியிருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, தகடு வைத்து அளந்து, திருப்புளியால் இறுக்கிவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்வார். காலையில் சோக்கை இழுத்துக் கிளப்புவது, சூடேறியதும் மெல்ல உள்ளே தள்ளுவது எல்லாம் ஓட்டுநரின் வேலை. வி-கிராஸில் அந்த வேலைகளைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கோளாறு வந்தால் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்க வேண்டும். சாலையோரப் பட்டறையில் பெரும்பாலும் முடியாது.

இரண்டுக்கும் இன்றைய காலத்தோடு ஒரு பிணக்கு உண்டு. பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் அது அரிக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். ஓட்டாமல் நிறுத்திவைக்கும் கார்களுக்கு இது கூடுதல் தொல்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறிவிடுவதே வழி. பிக்கப்பின் சிக்கல் புகைக்குழாயில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் உள்ளேயே சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் சற்று நேரம் ஓட வேண்டும். பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். நகரத்தைத் தாண்டாதவர் டீசல் பிக்கப் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அரசு விதிகளையும் பார்க்க வேண்டும். பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் "வி.ஏ." என்ற எழுத்துகளோடு பதிவு எண் கிடைக்கும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். சேஸ், பாடிக் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. பெட்ரோல் விலைக்குப் பயந்து அந்தக் காலத்தில் டீசல் எஞ்சின் மாற்றிய அம்பாசிடர்கள் ஏராளம். வாங்குபவர் பதிவுப் புத்தகத்தில் உள்ள எரிபொருளையும் எஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் செய்யும் சோதனையும் எலும்புக்கூட்டைப் பொறுத்ததே. அம்பாசிடரில் துரு என்றால் அழகுக் குறை மட்டுமில்லை, கதவுக்குக் கீழ் விளிம்பும் தரைத் தகடும் ஸ்பிரிங் பட்டை பூட்டும் இடமும்தான் அதன் சட்டம். ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு சுலபமாக மூடியது இப்போது இடித்தால் கூடு தளர்ந்துவிட்டது. மேலே எவ்வளவு பளபளப்பாக டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருந்தாலும் சரி, திரும்பி வந்துவிடலாம்.

பழைய பிக்கப் என்றால் கதவைப் பார்க்காதீர்கள், கேபினையும் தொட்டியையும் மாற்றியே இருக்கலாம். ஏணியின் இரண்டு உத்தரங்களும் நேராக இருக்கின்றனவா, எங்காவது புதிதாகப் பற்றவைத்திருக்கிறார்களா, சேஸ் எண் பொறித்த இடம் தேய்க்கப்படாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணி, அதே மாடல் புதிய வண்டியோடு ஒப்பிடுங்கள். ஒரு பட்டை கூடுதலாக இருந்தால், வண்டி சொல்லாத சுமையையெல்லாம் சுமந்திருக்கிறது என்று பொருள். விலை பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.